மாலை போட்ட ஹெல்மெட்

சென்ற ஆண்டு மழைக்காலம் தொடங்குவதற்குச் சற்று முன், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. இடம், பாமன்கடைப் பக்கத்தில் நாங்கள் வாடகைக்கு எடுத்து விளையாடும் மைதானம். வெள்ளவத்தையில் வேலைக்குப் போகிறவர்களும் கடை வைத்திருப்பவர்களுமாகச் சேர்ந்து நடத்தும் கிரிக்கெட் கழகம் எங்களுடையது. வருடத்துக்கு ஒருமுறை கொட்டாஞ்சேனைக் கழகத்தோடு மோதுவோம். அந்த ஒரு மட்சுக்காகவே மற்ற ஞாயிறுகளைப் பொறுத்துக்கொள்கிறவன் நான். முதல் நாள் இரவு நித்திரை வராது. விடியும் முன்பே எழும்பி, கண்ணாடிக்கு முன்னால் மட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். "கலியாணத்துக்கு முதல் நாள்கூட நீங்கள் இப்பிடித் துடிச்சிருக்க மாட்டியள்" என்பாள் மனைவி. உண்மைதான். ஆனால் அதை அவளிடம் ஒப்புக்கொள்ளும் அளவுக்கு நான் முட்டாள் இல்லை.

அந்த வருடம் அந்தத் துடிப்போடு துக்கமும் சேர்ந்திருந்தது. கொட்டாஞ்சேனைக் கழகத்தின் ஆரம்பத் துடுப்பாட்டக்காரர், முப்பது வயதைத் தொடாதவர், சில கிழமைகளுக்கு முன் பயிற்சியின்போது இறந்துபோயிருந்தார். பயிற்சிதானே என்று வெறும் தொப்பியோடு நின்றிருக்கிறார். எகிறி வந்த பந்து காதுக்குப் பின்னால், கழுத்தில் பட்டது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. எங்களுக்கு எதிராக எத்தனையோ முறை ஆடியவர். அவர் அடித்த பந்தை நான் பிடிக்காமல் நழுவவிட்டால், போகிற போக்கில் "தேங்ஸ் அண்ணே" என்று காதில் போட்டுவிட்டு ஓடுவார். செத்த வீட்டில் அவரை விளையாட்டு உடுப்போடு கிடத்தியிருந்தார்கள். பார்த்ததும் நான் வாய்விட்டு அழுதேன்.

மட்சை நிறுத்திவிடலாமா என்று இரண்டு கழகமும் யோசித்தபோது, விளையாடத்தான் வேண்டும் என்று சொன்னவர் இறந்தவருடைய அப்பா. உடனே எங்கள் செயலாளர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கிவிட்டார். மனிதர் அரச அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மங்கல விளக்கு, வரவேற்புரை, நன்றியுரை மூன்றும் இல்லாமல் ஒரு தேத்தண்ணிகூடக் குடிக்கமாட்டார். அன்னாரின் ஞாபகார்த்தமாகக் கழுத்துக்கும் பாதுகாப்பு வைத்த புத்தம்புது ஹெல்மெட் ஒன்றை வாங்கினார். அதுவும் பெரிய அளவில், என்னை மனதில் வைத்து. எனக்குத் தலை பெரிது. தலைக்கனம் அதைவிடப் பெரிது என்பது என் கூட்டாளிகளின் அபிப்பிராயம். கழகத்தில் இருக்கும் மற்ற ஹெல்மெட்டுகள் என் காதுக்கு மேலேயே நின்றுவிடும். எனக்குப் பொருந்திய பழையதில் வார் அறுந்துவிட்டதால், புதியது வந்த கையோடு செயலாளர் அதைப் பழைய இரும்புக்காரருக்குப் போட்டுவிட்டார்.

இங்கேதான் சிக்கல். மட்ச் முடிந்ததும் நடக்கும் சிறு கூட்டத்தில், இறந்தவரின் அப்பா அந்தப் புது ஹெல்மெட்டை எங்கள் கழகத்துக்கு உத்தியோகபூர்வமாகக் கையளிப்பார் என்று நிகழ்ச்சி நிரலில் போட்டாகிவிட்டது. அதுவரைக்கும் அது பந்தலுக்குள் ஒரு மேசையில், மகனுடைய படத்துக்கு முன்னால், சந்தனப் பொட்டும் மல்லிகை மாலையுமாக இருந்தது. பக்கத்தில் குத்துவிளக்கு. தலையைக் காப்பாற்ற வாங்கிய சாமானுக்கு மாலையைப் போட்டுவிட்டு, தொப்பியோடு ஆட என்னை அனுப்பப் போகிறோமே என்பது படித்த எங்களில் ஒருவருக்கும் உறைக்கவில்லை. கையளிக்காத பொருளில் கை வைப்பது முறையில்லை என்றுதான் நானும் நினைத்தேன்.

இரண்டு அணியும் கையில் கறுப்புத் துணி கட்டி மௌனமாக நின்றோம். பக்கத்து வீதியில் போன பஸ்ஸின் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு நாணயத்தைச் சுண்டினார்கள். முதலில் துடுப்பாட்டம் எங்களுக்கு. அவ்வளவுதான், துக்கம் எங்கே போனதோ தெரியாது, நெஞ்சு படபடவென்று அடிக்கத் தொடங்கிவிட்டது. தொப்பியை அழுத்திவிட்டுக்கொண்டு இறங்கினேன்.

பந்தைக் கையில் எடுத்தவர் நெடுநெடுவென்று வளர்ந்த ஒரு முஸ்லிம் மனிதர், மருதானையில் சைக்கிள் உதிரிப்பாகக் கடை வைத்திருப்பவர். அதற்கு முன் நான் அவரோடு ஒரு வார்த்தை கதைத்ததில்லை. மறுமுனையில் நின்ற என் கூட்டாளி கிட்ட வந்து மெல்லச் சொன்னார். "அண்டைக்குப் பந்து போட்டவர் இவர்தான்."

அன்று பயிற்சியில் இவருடைய பந்து பட்டு இறந்தவர் இவருடைய உயிர்ச் சிநேகிதராம். அதன்பிறகு இவர் பந்தையே தொடவில்லையாம். அந்த அப்பாவே இவருடைய வீட்டுக்குப் போய்க் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்தாராம். கேட்டதும் எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. அதே நேரம், ஆள் பயந்து பயந்துதான் போடுவார், வெளுத்து வாங்கலாம் என்றும் மனதுக்குள் ஒரு கணக்கு ஓடியது.

ஓடி வந்தார். பாதியில் நின்றார். திரும்பிப் போய் மறுபடி ஓடி வந்தார். மறுபடியும் நின்றார். பந்தலிலிருந்து யாரோ விசிலடித்தார்கள். எனக்குப் பொறுமை போய்விட்டது.

"ஏன் நிப்பாட்டுறீர்? போடுமன்."

அவர் நடந்து என் முன்னால் வந்து நின்றார். முகமெல்லாம் வியர்வை.

"தொப்பியோட நிக்கிற ஆளுக்குப் போட எனக்கு ஏலா அண்ணன். ஹெல்மெட் ஒண்டப் போட்டுட்டு வாங்க."

நடுவர் வந்து, தொப்பியோடு ஆடுவது அவரவர் விருப்பம் என்றார். அவர்களுடைய தலைவர் வேறு ஆளைப் போடச் சொல்லலாம் என்றார். நெடிய மனிதர் பந்தைத் தன் காற்சட்டைப் பைக்குள் போட்டு மேலே கையை வைத்துக்கொண்டார். தானும் போடமாட்டாராம், வேறு யாரையும் போட விடவும் மாட்டாராம். இரண்டு அணியின் ஹெல்மெட்டுகளும் ஒவ்வொன்றாக வந்தன. ஒவ்வொன்றும் என் உச்சந்தலையில் ஏறி உட்கார்ந்ததைப் பார்த்து மைதானமே சிரித்தது. அவர் மட்டும் சிரிக்கவில்லை. நிகழ்ச்சி நிரல் குழம்புகிறதே என்று செயலாளர் பந்தலுக்குள் அங்குமிங்கும் நடந்தார்.

அப்போது இறந்தவரின் அப்பா கதிரையிலிருந்து எழும்பினார். ஹெல்மெட்டில் இருந்த மாலையைக் கழற்றி மகனுடைய படத்துக்குப் போட்டார். ஹெல்மெட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வெயிலில் இறங்கி எங்களை நோக்கி நடந்து வந்தார். சிரித்துக்கொண்டிருந்தவர்கள் விலகி வழிவிட்டார்கள். என் தொப்பியை அவரே எடுத்தார். ஹெல்மெட்டை வைத்து, வாரை மாட்டினார்.

"மேட்ச் முடிஞ்சு குடுத்து என்னா பண்ண? இப்ப போடுங்க தம்பி."

ஹெல்மெட்டுக்குள் மல்லிகை வாசம் அடித்தது.

அதன்பிறகு நடந்ததை நினைத்தால் இப்போதும் உடம்பு சிலிர்க்கிறது. முதல் பந்தை மெதுவாகத்தான் போட்டார். நான்கு. அடுத்ததும் நான்கு. எங்கள் பந்தலில் மேசையைத் தட்டினார்கள். மூன்றாவதையும் விரட்டினேன். நெடியவரின் முகம் மாறியது. விளையாட்டுக்காரனின் ரோசம் அவருக்கும் இல்லாமலா போகும்? அவருடைய பழைய வேகம் திரும்பி வந்தது. ஒரு பந்து என் மட்டையை உரசுவதுபோல் போனபோது அவர் முகத்தில் முதன்முறையாக ஒரு சிரிப்பைப் பார்த்தேன். எனக்கும் சிரிப்பு வந்தது. இதற்குத்தானே வருடம் முழுக்கக் காத்திருக்கிறேன் என்று நினைத்தேன்.

அடுத்த பந்து குட்டையாக விழுந்தது. தூக்கி அடிக்கலாம் என்று உடம்பைத் திருப்பினேன். நான் நினைத்ததைவிட அது வேகமாக எகிறியது. காதுக்குப் பின்னால் இடி விழுந்த சத்தம் கேட்டது. கண் திறந்தபோது புல்லில் கிடந்தேன்.

முதலில் ஓடி வந்தவர் அவர்தான். முழங்காலில் விழுந்து, என் முகத்துக்கு மேலே குனிந்து, "கதைங்க அண்ணன், என்னமாச்சும் கதைங்க" என்று கெஞ்சினார். அவருடைய கண்ணீர் என் கன்னத்தில் விழுந்தது. எனக்கு வாயில் வந்தது ஒன்றுதான்.

"நான் அவுட் இல்லைத்தானே?"

அழுதுகொண்டே சிரித்தார். பிறகு சத்தமாகவே அழுதார்.

எங்கள் அணியில் ஒரு டாக்குத்தர் இருக்கிறார். இனி மட்டையைத் தொடக்கூடாது என்று சொல்லி, என்னைக் காரில் ஏற்றிப் பொரளைக்குக் கொண்டுபோய்த் தலையை ஸ்கேன் எடுக்க வைத்தார். மட்சை அப்படியே போட்டுவிட்டு நெடியவரும் காரில் ஏறிவிட்டார். வழி முழுக்க என் கையை விடவில்லை. வாய் எதையோ ஓதிக்கொண்டிருந்தது. தலைக்குள் ஒன்றுமில்லை என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அந்த வசனத்தை எங்கள் கழகம் இன்றுவரை கொண்டாடுகிறது.

திரும்பி வந்தபோது மட்ச் முடிந்திருந்தது. நாங்கள் வென்றிருந்தோம். தங்கள் ஆள் பாதியில் போனதால்தான் அது என்று கொட்டாஞ்சேனைக்காரர் இன்னும் சாதிக்கிறார்கள், சாதிக்கட்டும். எங்களுக்காகக் கூட்டத்தைத் தொடங்காமல் வைத்திருந்தார் செயலாளர். வரவேற்புரை நடந்தது. பிறகு அந்த அப்பா ஹெல்மெட்டைக் கையில் எடுத்தார். கழுத்துக்குப் பின்னால் இருந்த பாதுகாப்புத் துண்டு வெடித்திருந்தது. அந்த வெடிப்பைப் பெருவிரலால் தடவிப் பார்த்தார். அவருடைய மகனுக்குப் பட்டதும் அதே இடத்தில்தான். பிறகு என்னிடம் தராமல், பக்கத்தில் நின்ற நெடியவரின் கையில் அதைக் கொடுத்து, அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். நன்றியுரை சொல்ல எழும்பிய செயலாளர் கையிலிருந்த காகிதத்தை மடித்துப் பைக்குள் போட்டுவிட்டார். அவர் நன்றியுரை இல்லாமல் உட்கார்ந்ததை நான் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

நெடியவர் அதை எங்கள் கழகத்திடமே தந்துவிட்டார். வெடித்த ஹெல்மெட் இனித் தலைக்கு உதவாது என்று இறந்தவரின் படத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறோம். அதற்குப் பதிலாக வாங்கியதற்கு ஒரு விழாவும் எடுக்கவில்லை, கடையிலிருந்து வந்த அன்றே என் தலையில் ஏறிவிட்டது. பயிற்சிக்குக்கூட அது இல்லாமல் நான் நிற்பதில்லை. நெடியவர் சில ஞாயிறுகளில் தொலைபேசியில் கூப்பிட்டு, "போட்டீங்களா?" என்று மட்டும் கேட்பார். "ஓம், போட்டிட்டன்" என்பேன்.

அன்று அவர் ஓடி வந்த வேகத்தில் பந்தைப் போட்டிருந்தாலும் ஒருவரும் அவரைக் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் பாதியில் நின்றார், அதனால்தான் மட்ச் அன்று விடியும் முன்பே கண்ணாடிக்கு முன்னால் நிற்கும் என்னைப் பார்த்துச் சிரிக்க என் மனைவிக்குப் புருஷன் இன்னும் இருக்கிறான்.