கிளட்சுக்கு எண்ணெய்க் குளியல்

என் மோட்டார் சைக்கிளுக்கு நான் செய்த கொடுமையை இந்த வாரம் ஒப்புக்கொண்டுதான் ஆக வேண்டும். கொடுமை என்று தெரிந்தா செய்தேன்? பூஜை என்று நினைத்துச் செய்தேன்!

யுத்தத்தில் ராணுவம் ஓட்டித் தேய்த்து, ஏலத்தில் விட்ட வண்டி. என் கைக்கு வந்து ஆறு மாதம்.

எங்கள் திருவொற்றியூர் வீட்டில் ஆயுத பூஜை என்றால், அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கும் தன் கொக்கியைத் தேய்த்துக் கழுவி, நல்லெண்ணெய் பூசி, பொட்டு வைத்துச் சாமி முன்னால் வைப்பார். நான் படித்து குமாஸ்தா ஆகிவிட்டவன். பேனாவுக்கு எண்ணெய் பூச முடியுமா? அந்தக் குறை தீர இந்த வருஷம் வண்டி இருந்தது. ஸ்பானரை எடுத்தேன். திறக்கக்கூடிய மூடியையெல்லாம் திறந்தேன். துடைத்தேன், தாராளமாக எண்ணெய் விட்டேன், மூடினேன். ஒவ்வொரு மூடிக்கும் ஒரு பொட்டு...

மறுநாள் விஜயதசமி. வண்டியை வெளியே எடுக்கவில்லை. அதற்கு மறுநாள்தான் என் தங்கை தனம் வேலையில் சேர வேண்டும் — பெரம்பூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலை. பத்து மணிக்குள் வந்து கையெழுத்துப் போடாவிட்டால் பட்டியலில் அடுத்த பெண்ணைக் கூப்பிட்டுவிடுவோம் என்று கடிதத்திலேயே எழுதியிருந்தார்கள். குதிரை ஜட்கா பேசிவிடலாம் என்றார் அப்பா. நான் விடுவேனா? எங்கள் வீட்டு முதல் டீச்சர் ஜட்காவிலா போவது?

தனம் பின்னால் உட்கார, ராயபுரம் வரை வண்டி ஒழுங்காக வந்தது. ரயில் பாலத்து ஏற்றத்தில்தான் வினை. ஆக்ஸிலரேட்டரைத் திருகுகிறேன், எஞ்சின் அலறுகிறது... வண்டி மட்டும் நகரவில்லை. பின்னால் வந்த மாட்டு வண்டி எங்களை முந்திக்கொண்டு போயிற்று. வண்டிக்காரர் திரும்பிப் பார்த்து, கயிறு வேண்டுமா என்று விசாரித்தார். தனம் இறங்கினாள்.

வண்டியைத் திருப்பி, பாலத்தடியில் இருந்த காதர் பாயின் லாரி ஷெட்டுக்கு உருட்டி வந்தோம். மணி ஒன்பது.

பாய் முதலில் கிளட்ச் லீவரை அமுக்கிப் பார்த்தார். கம்பியில் இருக்க வேண்டிய தளர்வு இருந்தது; கோளாறு அங்கே இல்லை. அடுத்து முன்சக்கரத்தைச் சுவரில் முட்ட வைத்து, எஞ்சினைக் கிளப்பி, டாப் கியரில் போட்டுக் கிளட்சை விட்டார். நல்ல கிளட்சாக இருந்தால் எஞ்சின் திணறி நின்றுவிடுமாம். இது நிற்கவில்லை. ஜம்மென்று ஓடிக்கொண்டே இருந்தது. கிளட்ச் வழுக்குகிறது என்றார்.

மூடியைக் கழற்றினார். உள்ளே விரலை விட்டு, மூக்கருகே கொண்டுபோனார்.

“நல்லெண்ணெ,” என்றார் மெதுவாக. அப்புறம் என்னைப் பார்த்தார். “இன்னா நைனா, வண்டிக்கு எண்ணெ தேச்சு குளிப்பாட்டிகினு கீறியா? தீவாளிக்கு இன்னும் நாள் கீதே.”

இந்த வண்டியில் கிளட்ச் தகடுகள் ஒன்றையொன்று இறுகப் பிடித்துக்கொண்டு சுற்றினால்தான் எஞ்சினின் பலம் சக்கரத்துக்குப் போகும். அதற்கு அவை காய்ந்திருக்க வேண்டும். நான் காட்டிய பாசத்தில் பிடியே போய்விட்டது! தகடுகளைப் பெட்ரோலில் கழுவி, உப்புத்தாள் போட்டு, துடைத்து மாட்ட வேண்டும். பூஜைக்குப் போன ஆட்கள் திரும்பவில்லை, தனி ஆளாக ஒரு மணி நேரம் ஆகும் என்றார் பாய்.

தனத்தை ஜட்கா பிடித்துப் போகச் சொன்னேன்.

“நான் அப்டி போய்ட்டா நீ இந்த வண்டியை அப்பால தொடவே மாட்டே அண்ணா,” என்றாள் அவள். “ஒரு மாசத்துக்கு மூஞ்சைத் தொங்கப் போட்டுகினு இருப்பே. அத்த யாரு பாக்கறது?”

புதுப் புடவை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். பெட்ரோல் தகரத்தின் முன்னால் உட்கார்ந்தாள். வேலையில் சேரப்போகிற டீச்சரம்மாவிடம் எப்படி வேலை வாங்குவது என்று பாய் தயங்கினார். அவளோ முதல் தகட்டைக் கழுவி அவர் கையில் கொடுத்துவிட்டு இரண்டாவதற்குக் கை நீட்டினாள். அவள் கழுவ, நான் தேய்க்க, பாய் மாட்ட... ஒன்பதே முக்காலுக்கு முன்னால் மூடி ஏறிவிட்டது. பாலம் வந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டேன். ஏறிவிட்டோம்!

பள்ளிக்கூட வாசலில் இறங்கும்போது பத்துக்கு நாலு நிமிஷம். நான் ஆபீஸ் அறை வாசலோடு நின்றுகொண்டேன். கையெழுத்துப் போடக் குனிந்தவளைத் தலைமையாசிரியை நெருங்கி மோந்து பார்த்து, இதென்ன பெட்ரோல் நாற்றம் என்று கேட்டார். என் முட்டாள்தனத்தைச் சொல்லிவிட்டால்?

“எங்க அண்ணன் சொந்தமா மோட்டார் சைக்கிள் வச்சிருக்காங்க மேடம்,” என்றாள் தனம், நிமிர்ந்து. “அதுலதான் வந்தேன்.”

நமக்குப் பிடித்ததைக் கெடுப்பது பெரும்பாலும் நம் பிரியம்தான். அது எங்கே வேண்டும், எங்கே வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளாமலே ஊற்றிவிடுகிறோம், இல்லையா?

மறுநாள் காலை வண்டியைத் துடைத்து வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே போய்க் கூப்பிட்டேன்... தனம் எட்டு மணி பஸ்ஸிலேயே போய்விட்டிருந்தாள்.