அம்மையப்ப பிள்ளை சொன்ன சாட்சி

அம்மையப்ப பிள்ளை நாற்பது வருஷமாகத் தாமிரபரணியில் முழுகாமல் ஒரு வாய்த் தண்ணீர் குடித்ததில்லை. கரையேறி, நெற்றி நிறையத் திருநீறு பூசி, பதிகம் பாடி முடித்த பிறகுதான் பேச்சே. அந்த நெற்றியோடுதான் முனிசீப்பு கோர்ட்டுக்குப் போய்ப் பொய்ச்சாட்சி சொல்லுவார். கூலியாக வரும் நெல்லில் முதல் மரக்காலைக் கோயிலுக்கு அளந்துவிடுவார். கோர்ட்டுச் சத்தியம் வெள்ளைக்காரன் ஏற்படுத்தியது. சிவனுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்பது அவருடைய தீர்மானம்.

1911-ல் உலகம்மாளின் வழக்கு வந்தது. புருஷன் போனபின் அவளுக்கு மிஞ்சியது ஒரே வயல். தம்பி சாகும்போது அதைத் தனக்கு விட்டுக்கொடுத்தான் என்றார் புருஷனுடைய அண்ணன். கண்ணால் கண்டேன் என்று கூண்டில் ஏறிச் சொன்னவர் பிள்ளை.

உலகம்மாள் வக்கீலைக்கூடக் கேட்காமல் எழுந்து பிள்ளையைக் காட்டினாள். "இதையே அண்ணாச்சி சிவன் கோயில் வாசல்ல சூடத்தை அணைச்சுச் சொல்லட்டும். வயலை விட்டுருதேன்."

சட்டத்தில் அதற்கு இடமிருந்தது. முனிசீப்பு நாள் குறித்து, சொல்வதைக் கேட்டு எழுதிவரக் கோர்ட்டு அமீனாவையும் அனுப்பினார்.

அன்று காலை பிள்ளை ஆற்றுப் பக்கமே போகவில்லை. முழுகாமல், பூசாமல் சொன்னால் அது வெறும் அம்மையப்பன் சொன்னதாகும், அடியான் சொன்னதாகாது என்று கணக்குப் போட்டிருந்தார்.

வாசலில் வெற்றிலைமேல் சூடம் எரிந்தது.

"சொல்லும் வே, சூடம் கரையுது" என்றார் அமீனா.

உலகம்மாள் அவர் முகத்தையே பார்த்தாள். "நெத்தி ஏன் வெறுமனே இருக்கு, அண்ணாச்சி?"

"மறந்துட்டேன், தாயி."

"குளிக்கவும் மறந்துட்டாரு வே! தலை காஞ்சு கெடக்கு, பாருங்க" என்றான் கூட்டத்தில் ஒருவன். எல்லாரும் சிரித்தார்கள்.

உலகம்மாள் சிரிக்கவில்லை. குருக்களிடம் சொல்லித் திருநீற்றுத் தட்டை வரவழைத்தாள். "பூசிக்கிட்டுச் சொல்லும். அதுக்குப் பெறவு நீரு என்ன சொன்னாலும் நான் வாயைத் தொறக்க மாட்டேன்."

நீட்டிய தட்டை வேண்டாமென்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. மூன்று விரலால் எடுத்துப் பூசினார். சூடத்தைக் கையால் அணைத்தார்.

"அவன் சாகுத நேரம் நான் அங்கன இல்லை. களத்துல நெல்லுத் தூத்திக்கிட்டிருந்தேன்."

வயல் உலகம்மாளுக்கு நின்றது. கூண்டில் சொன்ன பொய்க்காகப் பிள்ளைக்கு மூன்று மாசம் ஜெயில் கிடைத்தது.

"கோர்ட்டுல பொய் சொன்னப்பல்லாம் வீட்டுல இருந்தேன். கோயில்ல நெசம் சொன்னேன், செயிலுக்குக் கொண்டுபோயிட்டான்" என்று திரும்பி வந்து ஆற்றங்கரையில் சொன்னார்.

அதன்பிறகு ஆறு வருஷம் உயிரோடிருந்தார். கூண்டில் ஏறவில்லை. ஏறமாட்டேன் என்று அவர் சொன்னதும் இல்லை, யாரும் கூப்பிடவில்லை.