பார்க்காமல் போட்ட கையெழுத்து

திருவொற்றியூரில் ஒரு கோழித்தீவன ஆலையின் சோதனைக்கூடத்தில் வேலை பார்த்தேன். லாரியில் வரும் சோயாப் புண்ணாக்கு சரியாக வறுபட்டிருக்கிறதா என்று பார்ப்பது என் பொறுப்பு. சரியாக வறுபடாவிட்டால் செரிமானத்தைக் கெடுக்கும் பொருள் ஒன்று அதில் தங்கிவிடும். கோழி தின்னும், ஆனால் புரதம் உடம்பில் சேராமல் எச்சத்தோடு போய்விடும். தட்டில் கொஞ்சம் தூளைப் பரப்பிச் சோதனைத் திரவத்தை ஊற்றினால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். நிறையச் சிவந்தால் லாரியைத் திருப்பி அனுப்ப வேண்டும்.

அன்று நல்ல மழை. நான் வீட்டுக்குக் கிளம்பும் நேரத்தில் லாரி வந்தது. மாதிரியை எடுத்து அலமாரியில் வைத்தேன். சோதிக்காமலே ‘சரி’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

சில வாரங்களில், எங்கள் தீவனத்தைத் தின்னும் கோழிகள் எடை ஏறவில்லை என்று காத்திவாக்கத்திலிருந்து புகார் வந்தது. கணவர் காலில் அடிபட்டுக் கடலுக்குப் போக முடியாமல் ஆனபின், அங்கே ஓர் அக்கா வீட்டுக்குப் பின்னால் கொட்டகை போட்டுக் கறிக்கோழி வளர்த்தார். விசாரிக்க என்னையே அனுப்பினார்கள்.

“துன்றதெல்லாம் நல்லாத்தான் துன்னுது சார். ஒடம்புலதான் ஒட்டல. இன்னான்னு பாரு” என்று ஒரு கோழியைத் தூக்கி என் கையில் வைத்தார். நெஞ்செலும்பு விரலில் குத்தியது. தரையெல்லாம் எச்சம் நீர்த்துக் கிடந்தது. எனக்குப் புரிந்துவிட்டது.

“இங்க தண்ணி உப்புக்கா. அதான்” என்றேன்.

அவர் நம்பிவிட்டார். ஆலைக்கு வந்து, அலமாரியில் வைத்திருந்த அந்த மாதிரியைச் சோதித்தேன். தட்டு முழுக்கச் சிவந்தது. கழுவிக் கவிழ்த்துவிட்டு யாரிடமும் சொல்லாமல் இருந்தேன்.

பத்து நாள் கழித்து அந்தப் பக்கம் போனபோது, தண்ணீர் லாரியிலிருந்து இரண்டு குடங்களைச் சுமந்து கொட்டகைக்குப் போய்க்கொண்டிருந்தார். கோழிகளுக்குத்தான். அதற்குமேல் என்னால் முடியவில்லை.

“தண்ணியில்லக்கா. தீவனம்தான். நான் சோதிக்காம அனுப்பிட்டேன்.”

குடங்களை இறக்கினார். “அன்னிக்கே தெரியுமா?”

“தெரியும்.”

“உப்புத் தண்ணி ஊத்திக் கெடுத்துட்டேன்னு ஊட்டுக்காரரு பத்து நாளா என்னத்தான் திட்டிகினு கீறாரு. வா, அவராண்ட சொல்லு.”

போய்ச் சொன்னேன். கட்டிலில் இருந்த கணவர் மனைவியைப் பார்த்து, “உன்ன போயி திட்டிட்டேனேமே” என்றார். என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

மறுநாள் மேலாளரிடமும் ஒப்புக்கொண்டேன். அந்த மூட்டைகளைத் திரும்ப எடுத்தார்கள். என்னைக் கிடங்குக்கு மாற்றினார்கள். அக்கா வேறு தீவனத்துக்கு மாறினார். அடுத்த குஞ்சுகள் நன்றாகத் தேறின என்று டிரைவர் ஒருவர் சொன்னார். போய்ப் பார்க்க எனக்கு முகமில்லை.