வரிசையில் கடைசியாக நின்றவள்

1968 மார்ச் 6, காலை ஏழு மணி. மாசிப் பனி இன்னும் விலகவில்லை. நான் அப்போது சட்டமன்ற உறுப்பினர். மணவாள நகரில் என் வீட்டு வாசலில் சிபாரிசுக் கடிதத்துக்காக முப்பத்தொரு பேர் நின்றார்கள். கடைசியில் நின்றவள் என் மனைவி.

"எம்மெல்லே சார், பெரியாஸ்பத்திரிக்கு எனக்கும் ஒரு லெட்டரு குடுங்க. வவுத்து நோவு தாங்கல."

கூட்டம் சிரித்தது. வீட்டில் தங்காத என்னைக் குத்திக்காட்டுகிறாள் என்று நினைத்தேன்.

"உனுக்கு இன்னாத்துக்கு லெட்டரு? சட்டசபை முடியட்டும், நானே இட்டுக்கினு போறேன்" என்று சொல்லிவிட்டு சென்னை ரயிலுக்குக் கிளம்பினேன்.

அவள் மறுபடி கேட்கவில்லை. ஆறு மாதம் கழித்து அழைத்துப் போனபோது, "கட்டி முத்திப்போச்சே, முன்னாடியே வரக்கூடாதா?" என்றார் டாக்டர். ஒன்பதாம் நாள் போய்விட்டாள்.

முப்பது பேருக்குக் கடிதம் கொடுத்தேன். அவளுக்கு வாக்குறுதி கொடுத்தேன்.

வைத்தியத்துக்குப் பெரியாஸ்பத்திரியில் காசு வாங்கவில்லை. உடலை ஊருக்குக் கொண்டுவந்த வண்டிக்கு மட்டும் நாற்பத்தைந்து ரூபாய் ஆனது.