மிளகு மூட்டையோடு பைக் பார்க்கப் போனது

போனவர்கள்: நான், பரமேஸ்வரி. என் வீட்டுக்காரர் சிவலிங்கம், த்ரீவீல் அவருடையது. நசீர் பாஸ், ரத்தோட்டைச் சந்தியில் மோட்டார் சைக்கிள் திருத்துகிறவர். நாலாவதாக ஒரு மூட்டை மிளகு, இருபத்தைந்து கிலோ. அதற்குப் பின் சீட்டில் பாஸுக்குப் பக்கத்தில் இடம் கொடுத்தோம்.

காலை ஐந்தரைக்கு ரத்தோட்டையை விட்டோம். ஞாயிற்றுக்கிழமை. மாத்தளைக்குப் பதினோரு கிலோமீற்றர். அங்கிருந்து ஏ9 வீதியில் தம்புள்ளைக்கு நாற்பத்தைந்துக்குக் கொஞ்சம் மேலே. மாத்தளையில் பெற்றோல் அடித்தோம். பிளேன்டி குடித்தோம். இஞ்சி போட்டது.

எதற்குப் போனோம் என்று சொல்ல வேண்டும்.

நான் மிளகு வாங்கி விற்கிறவள். எங்கள் ஊருக்கு மேலே ஒரு ஓயா, சின்ன ஆறு, இருக்கிறது. வீதி அதோடு முடிகிறது. மரப்பாலம் தாண்டினால் ஒற்றையடிப் பாதை, மூன்று கிலோமீற்றர். கல்லும் வேரும் ஏற்றமும். அதற்கு மேலே இருக்கிற வீடுகளின் மிளகு என் கைக்குத்தான் வரும். பத்து வருசம் நடந்து ஏறி, ஒரு நடைக்கு இருபது கிலோ தோளில் வைத்து இறக்கினேன். போன வருசம் வலது முழங்கால் போய்விட்டது. நடக்கலாம், பாரத்தோடு பள்ளம் இறங்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆள் வைத்து இறக்கினால் எனக்கு ஒன்றும் மிஞ்சாது. இன்னும் ஒரு மாதத்தில் மிளகு காய்ந்து மூட்டைக்கு வரும். வேறொரு ஆள் ஏற்கனவே மேலே போய் விலை பேசிவிட்டு வந்திருக்கிறான். இந்தப் போகம் நான் ஏறாவிட்டால் அந்த வீடுகள் போனதுதான்.

அதனால் பைக். பெரிய பைக்கில் எனக்குக் கால் எட்டாது. நான் நாலடி ஒன்பது அங்குலம். சின்னச் சக்கரம், தாழ்ந்த சீட், இரண்டு காலையும் தரையில் ஊன்ற முடிகிற ஒன்று வேண்டும். லைசன்ஸ் இருக்கிறது. அது ஸ்கூட்டரில் ஓட்டிக் காட்டி எடுத்தது. இதுதான் முதல் பைக்.

ஏழே முக்காலுக்குத் தம்புள்ளை. மரக்கறிச் சந்தைக்கு முன்னால் லொறிகள் வாலோடு வால் ஒட்டி நின்றன. கோவா இலையை மிதிக்காமல் நடக்க முடியாது. பைக் கடை அதைத் தாண்டி. ஓனர் கடைக்குள் இருந்து ஒரு சின்ன பைக்கைத் தள்ளிக்கொண்டு வந்தார். சிவப்பு. தடித்த டயர். முன்னும் பின்னும் புது ஷொக். பின்னால் நீளமான கெரியர். நம்பர் இருந்தது, புத்தகமும் இருந்தது. விலை இரண்டு லட்சத்து இருபத்தையாயிரம்.

"என்ன பாஸ், ஆடு மாதிரி இருக்கு?" என்றார் என் வீட்டுக்காரர்.

"ஆடுதான் மலை ஏறும் சிவா. ஒங்கட த்ரீவீல் ஏறுமா?"

"என் த்ரீவீல்லதான் நீங்க வந்தீங்க."

"வந்தேன். இடுப்பு இன்னும் வரல்ல."

பாஸ் சைலன்சருக்குள் விரலை விட்டு எடுத்து மோந்து பார்த்தார். ஸ்டார்ட் செய்து கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். நல்லது என்றார். வீட்டுக்காரர் புத்தகத்தைப் பார்த்தார். நல்லது என்றார். நான் கெரியரைப் பார்த்தேன். எனக்கு வேண்டியது அதுதான். மிளகு மூட்டையை ஏற்றிக் கட்டச் சொன்னேன். கட்டினார்கள். கடைக்கு முன்னால் தார் வீதியில் ஓட்டினேன். போனது. மூட்டை இருப்பதே தெரியவில்லை. பக்கத்தில் வெங்காயம் இறக்கிக்கொண்டிருந்தவர்கள் கைதட்டினார்கள். எனக்கு வெட்கம். ஆனால் நிறுத்தவில்லை, இன்னொரு தடவை போய் வந்தேன்.

"மண்ணில ஓட்டிப் பாக்கலாமா?" என்று கேட்டேன்.

"மண்ணில விட்டா பழசாயிரும் அக்கா. நீங்க வாங்கிட்டு எங்க வேணும்னாலும் விடுங்க" என்றார் ஓனர்.

இரண்டு லட்சத்துப் பத்துக்கு இறங்கினார். என்னிடம் இரண்டு லட்சம் இருந்தது. மிச்சத்தைத் தான் போடுவதாக வீட்டுக்காரர் சொன்னார். நான் பையைத் திறந்துவிட்டேன். பாஸ்தான் தடுத்தார்.

"தங்கச்சி, பல்லேபொலயில ஒண்டு ஈக்கு எண்டு சொன்னேன் தானே. திரும்பிப் போற வழி. அதையும் பாத்துட்டு முடிவெடுங்க. இது ஓடிப்போகாது."

எனக்குப் பிடிக்கவில்லை. மனதில் அதை வாங்கியாயிற்று. பையை மூடினேன்.

ஹோட்டலில் ரொட்டியும் சம்பலும் சாப்பிட்டோம். மூவருக்கும் ஆயிரத்து இருநூறு. பிறகு வந்த வழியே திரும்பி, பல்லேபொலக்குப் பிரிகிற பாதையில் இறங்கினோம். உள்ளே ஏழு கிலோமீற்றர் அளவு. வயல், அப்புறம் தோட்டம், அப்புறம் வயல். ஒவ்வொரு வீட்டு முற்றத்திலும் கமுகில் மிளகுக் கொடி ஏறியிருந்தது. காய் எங்கள் பக்கத்தை விடப் பெரிது. நான் எண்ணிக்கொண்டு வரவில்லை, ஆனால் கண் அங்கேதான் போனது.

பத்தரைக்கு வீட்டைப் பிடித்தோம். பைக் சொந்தக்காரியின் பெயர் சத்துரிகா. சிங்களப் பிள்ளை. முப்பது வயதுக்குள். ஏழு மாத வயிறு. உயரம் என் அளவுதான். அவள் பேசியது சிங்களத்தில். நான் தமிழில் எழுதுகிறேன்.

"விக்கச் சொன்னது என் புருசன். எனக்கு மனசில்ல. ஆனா வயிறு ஹேண்டில்ல முட்டுது. நான் என்ன செய்ய அக்கே?"

பைக் பழையது. ஜப்பான். பச்சை நிறம் பாதி போய்விட்டது. சீட்டுக்கு முன்னால் இரும்புச் சட்டம் தாழ்ந்து போகிறது, காலைத் தூக்காமலே ஏறலாம். கெரியர் சின்னது, ஒரு சாப்பாட்டுப் பெட்டி வைக்கிற அளவு. அன்று காலை கழுவியிருக்கிறாள். ஆனால் மட்கார்டுக்கு அடியில் சிவப்பு மண் காய்ந்து ஒட்டியிருந்தது. விலை ஒரு லட்சத்து அறுபத்தையாயிரம்.

பாஸ் குனிந்து பார்த்தார். "பின் பல்லுச்சக்கரம் பெருசாப் போட்டு ஈக்கே. யாரு செஞ்சது?"

"நான்தான் போடச் சொன்னேன். வீதியில நாப்பதுக்கு மேல போகாது. மலையில நடக்கிற மாதிரி ஏறும்."

வீட்டுக்குப் பின்னால் மேடு. மிளகுக்கும் கொக்கோவுக்கும் நடுவில் ஒற்றையடிப் பாதை ஏறிப் போனது. எங்கள் பாதை மாதிரியே. ஓட்டிப் பார் என்றாள். நான் மூட்டையைக் கேட்டேன்.

"வெறுமனே ஒரு தடவ போயிட்டு வாங்களேன்" என்றாள்.

"வெறும் வண்டியை வச்சு நான் என்ன செய்ய?" என்றேன்.

அந்தச் சின்னக் கெரியரில் இருபத்தைந்து கிலோ மூட்டையை நிறுத்திக் கட்டினோம். முதல் கியர். ஏறியது. எனக்குச் சந்தோசம். பதினைந்தடி போயிருப்பேன். ஒரு வேர் குறுக்கே வந்தது. ஹேண்டில் திடீரென்று லேசானது. திருப்பினேன், திரும்பவில்லை. முன் சக்கரம் நிலத்தில் இல்லை. என் முகத்துக்கு நேரே இருந்தது. பிறகு நான் முதுகில் கிடந்தேன். பைக் பக்கத்தில் கிடந்து உறுமியது. மூட்டை வெடித்துவிட்டது.

வீட்டுக்காரர் ஓடி வந்தார். "கால்? கால்?"

"கால் இருக்கு. மிளகப் பாருங்க."

மிளகு மேடு முழுக்க ஓடிவிட்டது. மூன்று பேரும் முட்டி போட்டுப் பொறுக்கினோம். கோழிகள் வந்து பார்த்துவிட்டுப் போயின. சத்துரிகாவால் குனிய முடியாது. ஒரு மரக்குற்றியில் உட்கார்ந்து கைகாட்டினாள்.

"அங்க. அந்த இலைக்கடியில. மாமா, உங்க கால்கிட்ட. மிதிச்சிட்டீங்க."

வீட்டுக்காரர் காலைத் தூக்கி வேறு இடத்தில் வைத்தார். அங்கேயும் மிளகு.

"தம்புள்ளை வண்டின்னா இப்படி ஆகியிருக்காது" என்றார் அவர்.

பாஸ் நிமிரவில்லை. "இதவிட மோசமா ஆகியிருக்கும். அதுட கெரியர் நீளம். பாரம் பின் சக்கரத்துக்கு அங்கால நிக்கும். சின்ன வண்டி தானே, ரெண்டு சக்கரத்துக்கும் இடையில தூரம் இல்ல. மேட்டுல மூக்கத் தூக்கிரும்."

"அங்கயே சொல்லலாமே பாஸ்?"

"நான் இஞ்சினப் பாத்தேன். மேட்ட நினைக்கல்ல." இன்னும் நாலு மிளகைப் பொறுக்கிக்கொண்டு, "நாம மூணு பேரும் நினைக்கல்ல" என்றார்.

உண்மைதான். நான் மூட்டையை நினைத்தேன். எத்தனை மூட்டை ஏறும் என்றுதான் பத்து வருசமாக எதையும் பார்த்துப் பழக்கம். லொறியை அப்படித்தான் பார்ப்பேன், கூலி ஆளையும் அப்படித்தான். என் முழங்காலையும் அப்படித்தான் பார்த்திருக்கிறேன்.

"எனக்கும் முதல்ல இப்படித்தான்" என்றாள் சத்துரிகா. "விறகு கட்டிட்டுப் போனேன். வண்டி நாய் மாதிரி உக்காந்திருச்சு. அப்புறம் பாரத்த முன்னால எடுத்தேன். காலுக்கு நடுவுல, தாழ. ஆனா கொஞ்சந்தான் வைக்கலாம். கூட வச்சா முட்டி இடிக்கும்." பிறகு கேட்டாள்: "மேல நீங்க தனியாவா போவீங்க?"

"தனியாத்தான்."

"அப்ப அதப் படுக்கப் போட்டு, தூக்குங்க. யாரும் கை வைக்கக் கூடாது."

படுக்கப் போட்டேன். ஹேண்டிலைப் பிடித்துத் தூக்கினேன். பாதியில் கை விட்டது. வீட்டுக்காரர் ஒரு அடி வந்தார். "மாமா!" என்று அதட்டினாள் அந்தப் பிள்ளை. அவர் நின்றார். கல்யாணம் செய்து இருபத்திரண்டு வருசத்தில் நான் அதட்டி அவர் அப்படி நின்றதில்லை.

பிறகு நான் திரும்பி நின்றேன். சீட்டில் முதுகை வைத்தேன். ஒரு கையில் ஹேண்டில், ஒரு கையில் கெரியர். காலால் பின்னோக்கி நடந்தேன். முழங்கால் குத்தியது. பைக் எழுந்தது. ஓடிப் போகாமல் இடுப்பால் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"தம்புள்ளைல பாத்தது என்ன நிறை பாஸ்?"

"நூறு கிலோவத் தாண்டும். இது எழுபது எழுபத்தஞ்சு வரும்."

வெறும் வண்டியில் மேட்டுக்குப் போய்விட்டு இறங்கினேன். இறங்கும்போது இரண்டு காலும் தரையைத் தொட்டுக்கொண்டே வந்தன. பயம் இருந்தது. ஹேண்டில் சொன்னபடி கேட்டது.

விலையில் அவள் குறைக்கவில்லை. நானும் கேட்கவில்லை. பணத்தை எண்ணி வாங்கி, சீட்டை ஒரு தடவை தட்டினாள். உள்ளே போய்விட்டாள். நாங்கள் கிளம்பும்வரை வெளியே வரவில்லை. அந்த முற்றத்தில் த்ரீவீல் நின்ற இடத்தில் எண்ணெய் சொட்டியிருந்தது. பைக் நின்ற இடத்தில் ஒன்றுமில்லை, சக்கரம் அழுத்திய பள்ளம் மட்டும். பல நாள் ஒரே இடத்தில் நின்றிருக்கிறது.

ஒரு மணிக்குக் கிளம்பி ஓட்டிக்கொண்டே வந்தேன். முன்னால் த்ரீவீல். பின் கண்ணாடியில் பாஸின் முகம், மடியில் கிழிந்த மூட்டை. ஏ9 வீதியில் தம்புள்ளையிலிருந்து வரும் லொறிகள் தாண்டும்போது காற்று தள்ளியது. நாற்பதுக்கு மேல் போகாத வண்டியை எல்லோரும் தாண்டுகிறார்கள். பஸ் தாண்டியது, சைக்கிள்காரன் ஒருவன் பள்ளத்தில் தாண்டினான். தாண்டட்டும். ரத்தோட்டைக்கு வர மூன்றரை ஆனது.

பல்லேபொல மேடு எங்கள் மேட்டைவிட மென்மை. அங்கே மண். இங்கே கல். அதை வந்த பிறகுதான் தெரிந்துகொண்டேன். ஒரு மாதம் வெறும் வண்டியோடு ஏறினேன். ஆறேழு தடவை விழுந்தேன். யாரும் இல்லாத இடத்தில் விழுந்து, முதுகை வைத்துத் தூக்கி, மறுபடி ஏறினேன். ஏலாத இடத்தில் இறங்கித் தள்ளினேன். நடந்து போன காலத்தில் நிலத்தைப் பார்த்தே நடந்தேன், பாரம் அப்படி. இப்போதும் நிலத்தைத்தான் பார்க்கிறேன். ஆனால் பத்தடி முன்னால்.

போகம் தொடங்கி முதல் நாள் மேலே போனேன். கடைசி வீடு மாணிக்கம் அண்ணனுடையது. சத்தம் கேட்டு வெளியே வந்தார்.

"அட, பரமேஸா! அந்தப் பயல் நேத்தும் வந்தான். நீ வருவியா மாட்டியான்னு மூட்டையக் கட்டாமலே வச்சிருக்கேன்."

அளந்தோம். ஒரு சின்னச் சாக்கில் போட்டு, காலுக்கு நடுவில் தாழ வைத்துக் கட்டினேன். அவர் அதைப் பார்த்தார். வண்டியைப் பார்த்தார்.

"நடந்து வந்தப்போ இதவிடக் கூட எடுப்பியே. லட்சக் கணக்குல வண்டி வாங்கி இவ்வளவுதானா?"

"மிச்சத்துக்கு நாளைக்கும் வருவேன் அண்ணே."

"அவன் வந்தா?"

"நாளைக்கு வருவேன்னு சொல்லுங்க."

அவர் மிச்ச மிளகை உள்ளே எடுத்துப் போய் வைத்துவிட்டு, கதவைச் சாத்தினார். நான் இறங்கினேன். இரண்டு இடத்தில் நிறுத்தி மூச்சு வாங்கினேன். விழவில்லை. முழங்கால் வலிக்கவில்லை. மரப்பாலத்தில் தள்ளிக்கொண்டு வந்து, வீதியோரக் கடைத் தராசில் சாக்கை வைத்தேன்.

பதினான்கு கிலோ.