மூடி போட்டு எடுத்த படம்

லிஃப்ட் மெக்கானிக் பகலெல்லாம் இருட்டுக் குழிக்குள் நின்று மேலே பார்ப்பார். இரவில் கொல்லையில் உட்கார்ந்தும் அதே வேலைதான். பார்வை மட்டும் சற்றுத் தூரம் போகும். தொலைநோக்கி, அதன் வாலில் கேமரா, வானம் நகர நகரக் கூடவே திரும்பும் மோட்டார் என்று அவர் சாமான் சேர்த்த வேகத்தில் கொல்லையில் எறும்புகூட ஒருக்களித்துத்தான் நடந்தது.

அந்தக் கொல்லைமேல் மனைவியின் தம்பிக்கும் ஒரு கண். அவனிடம் ஓடாத கார் ஒன்று இருந்தது.

"மாமா, இத்தனை நாளா வானத்தப் பாக்குறீங்க, உருப்படியா ஒரு படம் உண்டா? எல்லாம் நத்தை ஊர்ந்த மாதிரி கோடு கோடா இருக்கு."

"ஞாயித்துக்கிழமை வாடா மச்சான். ஆண்ட்ரோமெடாவக் காட்டுறேன். நம்ம பால்வெளிக்கு அடுத்த வீடு."

"காட்டலேன்னா?"

"கொல்லை உனக்கு. கார நிறுத்திக்கோ."

வாயை விட்ட பிறகுதான் வானிலை அறிக்கையைப் பார்த்தார். மேகம் விலகியதோ சனிக்கிழமை ஒரே ஒரு இரவு. பல் கிட்டும் குளிரில் படம் படமாக எடுத்துத் தள்ளினார். பிறகு தொலைநோக்கியின் மூடியைப் போட்டுவிட்டு மறுபடி எடுத்தார். பைத்தியம் இல்லை. கும்மிருட்டிலும் கேமரா தானாகச் சில புள்ளிகளைப் போட்டுக்கொள்ளும். அவற்றைத் தனியே பிடித்து, நல்ல படத்திலிருந்து கம்ப்யூட்டரில் கழிக்க வேண்டும். கேமராவைத் தானாக ஓடவிட்டு நாற்காலியில் சாய்ந்தவர் விட்ட குறட்டையில் நட்சத்திரங்கள் ரெண்டடி தள்ளி நின்றன.

அவர் கண்ணசந்த மறுநிமிடமே போர்வையோடு வந்த மனைவி மூடியைப் பார்த்தாள். "அட கடவுளே, மூடியக் கழட்டாமலே தூங்கிட்டாரே!" பூப்போல அதைக் கழற்றிவிட்டு, புண்ணியம் செய்த நிறைவோடு படுக்கப் போனாள்.

காலையில் கம்ப்யூட்டர் ஆண்ட்ரோமெடாவிலிருந்து ஆண்ட்ரோமெடாவையே கழித்தது. மிஞ்சியது அடுப்புக்கரி.

"என்னங்க, நல்லவேளை, நீங்க மறந்த மூடிய நான் கழட்டினேன்."

"நீயா? மறக்கலடி, வேணும்னேதான் போட்டேன்!"

அவள் முகம் சுண்டியது. அவரோ திடீரென்று அந்த 'இருட்டுப்' படங்களைத் திறந்தார். ஒவ்வொன்றிலும் ஆண்ட்ரோமெடா! வானில் உயர ஏறியிருந்ததால் முன்னதைவிடத் தெளிவாக.

"கூட்ட வேண்டியதக் கழிச்சிருக்கேன்! இப்போ மூடி போட்ட படம் மட்டும் புதுசா வேணும். ஆனா குளிர் மாறினா அந்தப் புள்ளியும் மாறிடும். ராத்திரிக் குளிருக்குப் பகல்ல எங்க போறது?"

அவள் ஃப்ரிட்ஜிலிருந்து பாலையும் முட்டைக்கோஸையும் எடுத்து வெளியே வைத்தாள். வாய் மூடிய கேமரா உள்ளே போனது. அந்நேரம் பார்த்துத் தம்பி வந்து ஃப்ரிட்ஜில் கைவைத்தான்.

"தொடாதே! உள்ள படம் எடுத்துட்டிருக்கு."

"போச்சு! மாமாவுக்கு மட்டும்தான்னு நெனச்சேன், உனக்குமாக்கா?"

மதியம் படம் தயாரானது. சாய்ந்த வட்டம், நடுவில் பொன் வெளிச்சம், ஓரத்தில் தூசிப் பட்டைகள். தம்பி மூக்கு திரையில் ஒட்டும் அளவுக்குக் குனிந்தான்.

"நெசமாவே நம்ம கொல்லையில எடுத்ததா?"

"பாதி கொல்லையில. பாதி முட்டைக்கோஸ் இடத்துல."

தம்பி காருக்கு வேறு இடம் தேடிக் கிளம்பினான். மெக்கானிக் மார்பை நிமிர்த்தினார்.

"ரொம்ப நிமிராதீங்க. பாதிப் படம் என்னால வந்தது, பாதிக் கொல்லை எனக்கு. அடுத்தது சனிக்கிரகம். அந்த வளையத்த நான் பாக்கணும்."

"அதுக்கு வேற லென்ஸ் வேணுமே…"

"வாங்குங்க."

கல்யாணமான நாளிலிருந்து அந்தச் சொல்லுக்காகக் காத்திருந்த மனிதர், அவள் மனம் மாறுவதற்குள் செருப்பை மாட்டிக்கொண்டு கடைக்கு ஓடினார்.