நாணலுக்குப் போர்த்திய பொன்னாடை

காஞ்சிபுரத்தை அடுத்த ஏரிக்கரையில் இன்று முழங்கினேன். அங்குள்ள நாணலை ஏரிச் சங்கத்தார் நாளை வெட்டவிருந்தார்கள்; வெட்டாதீர்கள் என்பதே என் உரை. அந்த நாணலுக்குள் குளிர்காலத்தைக் கழிக்கும் நாணல் கதிர்க்குருவி, குரல் கொடுக்குமே தவிர முகம் காட்டாது.

"அத்த பாத்தவங்க யார்னா இருக்கீங்களாபா?" என்றார் ஏரிச் சங்கத் தலைவர்.

ஒருவரும் இல்லை. நானும் பார்த்ததில்லை.

உரை முடிந்ததும் எனக்குப் பட்டுப் பொன்னாடை வந்தது. "குருவிக்கே அணிவியுங்கள்!" என்றேன். குருவி வெளிவரவில்லை; தலைவர் நாணலுக்கே போர்த்தினார். உள்ளிருந்து "டக், டக்" என்று சினந்த குரல் மட்டும் கேட்டது.

"நாளைக்கு வெட்ட ஆள் வரச் சொல்லவா தலைவரே?" என்றார் ஒருவர்.

தலைவர் திடுக்கிட்டார். "பொன்னாடை போத்திட்டு வெட்றதாபா? ஊரு காறித் துப்பும். வரவேணாம்னு சொல்லு!"

நாற்பது மணித்துளி தொண்டை கிழியப் பேசியவன் நான். அடுத்த ஏரிக்கு என்னை அழைப்பீர்களா, பொன்னாடையை மட்டுமா, தோழர்களே?